கனிமத் தேடலில் நிலவியலாளருக்கு அன்றாடம் என்ன வேலை?

கேள்வி இதுதான்: நிலவியலில் முதுகலை முடித்த ஒருவர் கனிமத் தேடல் நிறுவனத்தில் சேர நினைக்கிறார். அங்கே தினமும் என்ன வேலை இருக்கும், கல்லூரியில் சொல்லித்தராத எதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும் என்று கேட்கிறார்.

தாதுவைக் கண்டுபிடிப்பது இந்த வேலையில் அபூர்வமாக நடப்பது. துளையிட்டுப் பார்க்கும் இலக்குகளில் பெரும்பாலானவற்றில் ஒன்றும் இருக்காது. அன்றாட வேலை, பாறையை எண்ணாக மாற்றுவது. இந்த இடத்தில், இந்த ஆழத்தில், இவ்வளவு நீளத்துக்கு, டன்னுக்கு இத்தனை கிராம் என்ற எண்ணை வைத்துத்தான் அடுத்த துளை போடுவதா, இடத்தையே கைவிடுவதா என்று முடிவெடுப்பார்கள். ஆய்வகம் செய்வது அதில் கடைசிப் படி மட்டும். துளையின் திசை, மாதிரியின் எல்லை, பையின் எண், ஆழக் குறி எல்லாம் நிலவியலாளரின் பொறுப்பு. கல்லூரியில் பாறையை அடையாளம் காணக் கற்றுத்தருகிறார்கள். மாதிரி எடுக்கும் முறையைப் பாதி நாள் பாடமாகக்கூட நடத்துவதில்லை. அதனால் இந்தப் பதிலில் அதற்கே அதிக இடம்.

துளைக்கு முந்தைய கட்டத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். முதல் சில வாரங்கள் மேசையில் போகும்: பழைய அறிக்கைகள், வரைபடங்கள், செயற்கைக்கோள் படங்கள், வானூர்தி காந்த அளவீடுகள். இங்கே அடிக்கடி காலை வாரிவிடுவது டேட்டம், அதாவது ஆயத்தொலைவை எதை அடிப்படையாக வைத்துக் கணக்கிடுகிறோம் என்பது. பழைய வரைபடத்திலுள்ள ஆயத்தொலைவை அப்படியே ஜிபிஎஸ்ஸில் போட்டால் வேறு இடத்தில் போய் நிற்போம். ஆஸ்திரேலியாவின் பழைய ஏஜிடி டேட்டத்துக்கும் பின்னால் வந்த ஜிடிஏ94-க்கும் இடையே மட்டும் ஏறத்தாழ 200 மீட்டர் இடைவெளி. தாதுப் பகுதியின் அகலமே 10 மீட்டர் என்றால் பழைய துளை எதுவும் புதிய படத்தில் பொருந்தாது.

பிறகு ஓடை வண்டல், மண், பாறைத் துண்டு மாதிரிகள். ஓடை வண்டலை வழக்கமாக 80 மெஷ் சல்லடையில், அதாவது சுமார் 0.18 மி.மீ. கண்ணில் சலிப்பார்கள். செம்போ துத்தநாகமோ தேடும்போது பித்தளைச் சல்லடையைத் தொடவே கூடாது, நைலான் அல்லது துருப்பிடிக்கா எஃகு வேண்டும். தங்கம் தேடுகிறவர் கையில் மோதிரமும் கூடாது. இது மூடநம்பிக்கை இல்லை. மண்ணில் தேடுவது பில்லியனில் சில பங்கு அளவுள்ள தங்கத்தை, மோதிரத்திலிருந்து உரசி விழும் தூளே பொய்யான எண்ணைக் காட்டப் போதும். மண் மாதிரியை மேலிருக்கும் மக்கு அடுக்கில் எடுக்காமல் அதற்குக் கீழே, இரும்பும் களியும் சேர்ந்த பி அடுக்கில் எடுப்பார்கள். ஆழம் இடத்துக்கு இடம் மாறும். எல்லாக் குழியையும் 30 செ.மீ. என்று தோண்டிக்கொண்டே போனால் சில மாதிரி ஒரு அடுக்கிலும் சில வேறு அடுக்கிலும் விழும். பிறகு படத்தில் தெரியும் உயர்வும் தாழ்வும் தாதுவைக் காட்டாது, மண் அடுக்கைத்தான் காட்டும்.

புவி இயற்பியல் அளவீடு எதுவும் தாதுவை நேராகக் காட்டுவதில்லை. நிலத்தில் மின்சாரம் செலுத்தி, நிறுத்திய பின் தங்கும் மின்னூட்டத்தை அளக்கும் ஐபி முறையில் சல்ஃபைடு சிதறல் பளிச்சென்று தெரியும். கிராஃபைட்டும் அப்படியே தெரியும், இரும்பு சல்ஃபைடான வெறும் பைரைட்டும் தெரியும். தென் ஆஸ்திரேலியாவின் ஒலிம்பிக் டேமில் ஈர்ப்பு விசை உயர்வும் காந்த உயர்வும் ஒரே பகுதியில் சேர்ந்து வந்ததை வைத்து 1975-இல் துளையிட்டார்கள். மேலே 300 மீட்டருக்கும் தடிமனான இளைய படிவுப் பாறை, தரையில் தாதுவின் சுவடே இல்லை. முதல் துளையிலேயே செம்பு தட்டியது, ஆனால் பெரிய படிவம் என்ற உறுதி பத்தாவது துளையில்தான் வந்தது. கிடைத்ததும் அவர்கள் எதிர்பார்த்த வகைப் படிவம் அல்ல, முற்றிலும் வேறு வகை. ஆகவே இரண்டு அளவீடுகள் ஒரே இடத்தைக் காட்டினால் மதிப்பு கூடும். அதற்கு விளக்கம் ஒன்றுதான் என்று மட்டும் அடம்பிடிக்கக் கூடாது.

ஒன்றும் கிடைக்காத துளையும் திசை சொல்ல வேண்டும். அங்கேதான் நிலவியல் படித்தவருக்கு வேலை. போர்ஃபிரி என்ற தீப்பாறையோடு சேர்ந்து வரும் செம்புப் படிவத்தைச் சுற்றிப் பாறை மாறியிருக்கும் ஒழுங்கை நிலவியலாளர்கள் லோவெலும் கில்பர்ட்டும் 1970-இல் வகுத்துக் காட்டினார்கள். நடுவில் பயோட்டைட்டும் பொட்டாசியம் ஃபெல்ட்ஸ்பாரும், அதைச் சுற்றி குவார்ட்ஸ், செரிசைட், பைரைட், வெளியே குளோரைட்டும் எபிடோட்டும். அரிசோனாவின் சான் மானுவல் படிவம் சாய்ந்து, பெயர்ச்சிப் பிளவால் துண்டாகியிருக்கிறது, மறுபாதி வேறிடத்தில் இருக்க வேண்டும் என்று இந்த வளையங்களை வைத்துக் கணித்துத்தான் லோவெல் கலமசூ படிவத்தைத் துளையிட்டு எட்டினார். துளையில் செம்பு இல்லாமல் குளோரைட், எபிடோட் மட்டும் வந்தால் நாம் வெளிவட்டத்தில் இருக்கிறோம் என்று அர்த்தம். அடுத்த துளையில் செரிசைட் கூடுகிறதா என்று பார்க்க வேண்டும். "தாது இல்லை" என்று ஒரு வரி எழுதி மூடிவிட்டால் அந்தத் துளைக்கான செலவு முழுக்க வீண்.

இனி துளையிடல். பெரும்பாலும் இரண்டு வகை. ஆர்சி என்பது அழுத்தக் காற்றால் பாறையை நொறுக்கி, இரட்டைச் சுவர்க் குழாயின் உள்வழியாகத் தூளும் சில்லுமாக மேலே கொண்டுவருவது. விரைவானது, செலவு குறைவு. வைரமுனைத் துளையில் உருளை வடிவக் கோர் கிடைக்கும். மெதுவாகப் போகும், விலை கூடுதல், ஆனால் பாறையை முழுசாகப் பார்க்கலாம்.

ஆர்சியில் ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு மாதிரி. 140 மி.மீ. விட்டமுள்ள துளையில், அடர்த்தி 2.7 என்றால், ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 42 கி.கி. வர வேண்டும். இந்தக் கணக்கை ரிக் என்ற துளையிடும் இயந்திரத்தின் பக்கத்தில் நிற்கும்போது மனதில் வைத்திருங்கள். பை 25 கி.கி. தான் இருக்கிறது என்றால் மீதி எங்கே போனது? துளை வாயில் தூசியாகப் பறந்திருக்கலாம், வெடிப்புக்குள் புகுந்திருக்கலாம், தூளைக் காற்றிலிருந்து பிரிக்கும் சைக்ளோனில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். அடுத்த பை 55 கி.கி. என்றால் முந்தைய மீட்டரின் பொருள் இதில் கலந்திருக்கிறது, அல்லது மேலே துளைச் சுவர் இடிந்து விழுகிறது. எடைத் தராசு இல்லாத ஆர்சி ரிக்கில் மாதிரித் தரத்தைப் பற்றிப் பேசுவதே வீண்.

சைக்ளோனுக்குக் கீழே இருக்கும் பிரிப்பான், வந்ததில் சுமார் 3 கி.கி. யை ஆய்வகப் பைக்குத் தள்ளும். கூம்புப் பிரிப்பான் மட்டமாக இருக்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் ஒரு பக்கம் கூடுதலாக விழும், அதுவும் எல்லா மீட்டரிலும் ஒரே பக்கமாக. ஒவ்வொரு குழாய் மாற்றத்தின்போதும், அதாவது 6 மீட்டருக்கு ஒருமுறை, சைக்ளோனைத் திறந்து பார்த்துச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். ஒவ்வொரு மீட்டர் முடிவிலும் டிரில்லர் துளைப்பதை நிறுத்திக் காற்றை மட்டும் விட்டுக் குழாயைக் காலி செய்தாக வேண்டும். மீட்டர் கணக்கில் கூலி என்றால் அவருக்கு அவசரம் இருக்கும். நிலவியலாளர் கண் வைக்கவில்லையென்றால் இந்த இடைவெளி தானாகவே சுருங்கிவிடும்.

ஆர்சிக்கு எமன் தண்ணீர். நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே காற்றழுத்தம் போதாமல் துளை நனைந்தால் மாதிரி சேறாக வரும். நுண்தூள் நீரோடு ஓடிவிடும், கனமான தங்கம் துளையின் அடியில் தங்கிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக அடுத்தடுத்த மீட்டரில் ஏறும். முடிவு வரும்போது 4 மீட்டர் தாது 12 மீட்டராக நீண்டிருக்கும். கீழ்நோக்கி மெல்லக் குறைந்துகொண்டே போகும் வால், குழாய் மாற்றும் ஆழங்களில் மட்டும் ஒரு சிறு ஏற்றம். இந்த வடிவத்தைக் கண்டால் கலப்பு என்று சந்தேகிக்க வேண்டும். பாறையில் இப்படி 6 மீட்டருக்கு ஒருமுறை தாது கூடிக் குறையாது. துளை நனைந்துவிட்டால் பதிவில் "ஈரம்" என்று எழுதி, காற்றழுத்தத்தைக் கூட்டும் ஊக்கி இயந்திரத்தைச் சேர்க்க வேண்டும். அதிலும் காயவில்லையென்றால் ஆர்சியை நிறுத்தி வைரமுனைக்கு மாற வேண்டும்.

கோருக்கு வருவோம். வழக்கமான விட்ட அளவுகள் பிக்யூ 85 மி.மீ., எச்க்யூ 63.5, என்க்யூ 47.6. என்க்யூ ஒரு மீட்டர் ஏறத்தாழ 4.8 கி.கி., பாதியாக அறுத்தால் 2.4. பெட்டியில் கோர் வந்ததும் பாறையைப் பார்க்க எல்லோருக்கும் கை பரபரக்கும். முதல் வேலை அது இல்லை, ஆழத்தைச் சரிபார்ப்பதுதான். ஒவ்வொரு இழுப்பின், அதாவது கோரை மேலே எடுக்கும் ஒவ்வொரு தடவையின், முடிவிலும் டிரில்லர் ஒரு கட்டை வைத்து ஆழம் எழுதியிருப்பார். 87.0 கட்டைக்கும் 90.0 கட்டைக்கும் இடையே டேப் வைத்தால் 2.6 மீட்டர் கோர்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மீட்பு 87 சதவீதம். அந்த 40 செ.மீ. எங்கே தொலைந்தது? உடைந்த துண்டுகளை முனை பொருத்திப் பாருங்கள். கெட்டியான பகுதிகள் ஒன்றோடொன்று கச்சிதமாகச் சேரும். சேராத இடம், பெரும்பாலும் களிமண்ணாய் நொறுங்கிய இடம், அங்கேதான் இழப்பு. தங்கமும் அடிக்கடி அந்த நொறுங்கிய இடத்திலேயே இருக்கும் என்பதுதான் சங்கடம். அடுத்த இழுப்பில் 3 மீட்டருக்குப் பதில் 3.4 மீட்டர் கோர் வந்திருந்தால் எதுவும் தொலையவில்லை, முந்தைய இழுப்பின் அடித்துண்டு துளையிலேயே நின்று இப்போது வந்திருக்கிறது. கட்டையின் ஆழத்தை மாற்றாமல் மீட்டர் குறிகளை மட்டும் நகர்த்த வேண்டும். எதுவும் பொருந்தவில்லையென்றால் டிரில்லரைக் கூப்பிட்டுக் குழாய்களை எண்ணச் சொல்லுங்கள். ஒரு குழாய் எண்ணிக்கை தவறினால் அதற்குக் கீழே எல்லாமே 3 மீட்டர் தள்ளிப்போகும்.

பிறகு புகைப்படம், காய்ந்த நிலையிலும் நனைத்தும். அறுத்த பிறகு முழுக் கோர் திரும்ப வராது.

பதிவு செய்யும்போது கண்டதையும் கருதியதையும் தனித்தனிப் பத்தியில் எழுதுங்கள். "பச்சை, நுண்மணி, காந்தம் இழுக்கிறது" என்பது கண்டது. "பசால்ட்" என்பது கருதியது. ஆறு மாதம் கழித்து அது பசால்ட் இல்லை என்று தெரிந்தால் முதல் பத்தி காப்பாற்றும். 10 மடங்கு லென்ஸ், காந்தப் பேனா, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம், கீறும் ஊசி: இவ்வளவு போதும். எக்ஸ் கதிரால் தனிமங்களை அளக்கும் கையடக்க எக்ஸ்ஆர்எஃப் உதவும், ஆனால் அதன் எண் பாறையில் விரல்நுனி அளவு இடத்தின் எண். அதைத் தாது அளவாக அறிக்கையில் போடுவது தவறு.

சல்ஃபைடு சதவீதத்தைப் புதியவர்கள் எப்போதும் கூட்டித்தான் மதிப்பிடுவார்கள். பளபளப்பு கண்ணை ஏமாற்றும். இதைத் திருத்த ஒரு கணக்கு உண்டு. சால்கோபைரைட்டில் எடையில் 34.6 சதவீதம் செம்பு. கண் பார்ப்பது கன அளவு, ஆய்வகம் சொல்வது எடை. சால்கோபைரைட் அடர்த்தி சுமார் 4.2 என்பதால் கன அளவில் 3 சதவீதம் என்றால் எடையில் 4.6 சதவீதம், ஆக செம்பு 1.6 சதவீதம் வர வேண்டும். உங்கள் பதிவில் 3 என்றிருந்து ஆய்வகம் 0.5 என்று சொன்னால், கண்ணைத் திருத்த வேண்டும் அல்லது பைகள் மாறிப்போயின. முடிவுகள் வந்த அன்றே இந்த ஒப்பீட்டைச் செய்கிறவர்கள் குறைவு.

மாதிரி எல்லையைப் பாறை மாறும் இடத்தில் வையுங்கள். பொதுவாக 1 மீட்டர். குறுகிய நாளம் (பாறை வெடிப்பில் கனிமம் நிரம்பிய கீற்று) என்றால் 30 செ.மீ. வரை இறங்கலாம். நாளத்தை மட்டும் எடுத்துவிட்டு நிறுத்தாமல் இருபுறமும் தாதுவற்றதாகத் தெரியும் பாறையையும் எடுக்க வேண்டும். அறுக்கும் கோடு நாளத்தை இரண்டு சம பாதியாக்கும்படி போட்டு, எப்போதும் ஒரே பக்கத்துப் பாதியையே ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். "நன்றாக இருக்கும்" பாதியைப் பெட்டியில் வைத்துக்கொள்ளும் ஆசை எல்லா முகாமிலும் உண்டு. அறுப்பு இயந்திரத்துக்குச் சுத்தமான நீர் ஓட வேண்டும், சேற்று நீரையே சுழற்றினால் முந்தைய மாதிரி அடுத்ததில் ஒட்டும்.

துளையில் அளந்த நீளம் உண்மைத் தடிமன் அல்ல. கோர் அச்சுக்கும் நாளத்துக்கும் இடையே 30 பாகை என்றால், 10 மீட்டர் வெட்டு உண்மையில் 5 மீட்டர்தான். திசையும் அப்படியே. துளை நேராகப் போவதில்லை. 30 மீட்டருக்கு 1 பாகை வீதம் ஒரே பக்கம் வளைந்தால் 300 மீட்டரில் 26 மீட்டர் விலகியிருக்கும். 30 மீட்டருக்கு ஒருமுறையாவது திசை அளக்க வேண்டும். மேக்னடைட் நிறைந்த பாறையில் காந்தக் கருவி பொய் சொல்லும், அங்கே காந்தத்தை நம்பாத கைரோ கருவி வேண்டும். காந்த வடக்கு, உண்மை வடக்கு, வரைபடக் கட்டக் கோட்டின் வடக்கு மூன்றில் எதைப் பதிந்தோம் என்று கோப்பில் எழுதாமல் விட்டால் பிறகு யாராலும் சொல்ல முடியாது.

தங்கத்தில் இன்னொரு சிக்கல், அது மாதிரியின் அளவு. ஆய்வகம் மாதிரியை இடித்து, 85 சதவீதம் 75 மைக்ரான் சல்லடையில் இறங்கும் அளவுக்கு அரைத்து, அதில் 30 அல்லது 50 கிராம் எடுத்து உருக்கும். 30 கிராமில் டன்னுக்கு 1 கிராம் என்றால் மொத்தத் தங்கம் 30 மைக்ரோகிராம். விட்டம் 0.1 மி.மீ. உள்ள ஒரு தங்கத் துளியின் எடை 10 மைக்ரோகிராம். தங்கம் இடிபட்டாலும் அரைபடாது, தட்டையாகும். அப்படியானால் அந்த 30 கிராமில் இருக்க வேண்டியது மூன்றே துளிகள். கரண்டியில் இரண்டு வரலாம், ஐந்து வரலாம். இருபதுக்கு ஒரு தடவை ஒன்றுமே வராது. அதே பையிலிருந்து 0.3, 1.7, 0 என்று மூன்று எண் வந்தால் ஆய்வகத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. பருமணித் தங்கம் என்று சந்தேகம் வந்ததும் 1 கி.கி. யைச் சலித்து, சல்லடையில் நிற்பதை முழுக்கவும் இறங்கியதைத் தனியாகவும் உருக்கச் சொல்ல வேண்டும்.

ஆய்வகத்தையும் நம்மையும் கண்காணிக்கக் கட்டுப்பாட்டு மாதிரிகள் உண்டு. பொதுவாக 20-க்கு ஒன்று அளவு முன்பே தெரிந்த, சான்றளிக்கப்பட்ட தரமாதிரி, ஒன்று தாதுவே இல்லாத வெற்று மாதிரி, ஒன்று அதே மாதிரியை மறுபடி அனுப்பும் இரட்டை. வெற்று மாதிரியை எண் வரிசையில் எங்கோ ஒரு மூலையில் போடாமல், நல்ல தாது என்று கண்ணுக்குத் தெரியும் மாதிரிக்கு அடுத்து வையுங்கள். இடிக்கும் இயந்திரம் சுத்தமாகிறதா என்பது அப்போதுதான் வெளியே வரும். தரமாதிரி 3 திட்ட விலக்கத்துக்கு வெளியே போனாலும், அடுத்தடுத்து இரண்டு ஒரே பக்கம் 2 திட்ட விலக்கத்தைத் தாண்டினாலும் அந்தத் தொகுதியை மறுபடி செய்யச் சொல்ல வேண்டும். அதுவும் முடிவு வந்த வாரத்திலேயே. வருடக் கடைசியில் வரைபடம் போட்டுப் பார்க்கிற பழக்கம் பரவலாக இருக்கிறது, அதற்குள் ஆய்வகம் தூளைக் கொட்டியிருக்கும்.

பாதிக் கோரைப் பத்திரமாக வைப்பது ஏன் என்பதற்கு இந்தோனேசியாவின் புசாங்தான் சாட்சி. பிரி-எக்ஸ் என்ற கனடா நிறுவனம் அங்கே கோரை வழக்கம்போல் அறுத்துப் பாதியை வைத்துக்கொள்ளாமல் ஏறக்குறைய முழுவதையும் நொறுக்கி அனுப்பியது. நொறுக்கிய மாதிரிகளில் வெளியிலிருந்து தங்கம் கலக்கப்பட்டிருந்தது. 1997-இல் ஃப்ரீபோர்ட் நிறுவனம் பக்கத்திலேயே சரிபார்ப்புத் துளை போட்டபோது சொல்லிக்கொள்ளும்படியான தங்கமே இல்லை. கனடாவின் என்ஐ 43-101 அறிக்கை விதிகள் 2001-இல் வந்ததன் பின்னணி இது. கனிம இருப்பை அறிவிப்பதற்கான ஆஸ்திரேலியாவின் ஜோர்க் விதிமுறையின்படி இருப்பு மதிப்பீட்டில் கையெழுத்திடுகிறவருக்குத் தொழில்முறைச் சங்க உறுப்பினர் தகுதியும், அதே வகைப் படிவத்தில் குறைந்தது ஐந்து ஆண்டு அனுபவமும் வேண்டும். எனவே எந்த வகைத் தாதுவில் வேலை செய்தோம் என்பதை ஆண்டுவாரியாகக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு கேட்பார்கள்.

தரவுத்தளம் யாருக்கும் பிடிக்காத வேலை; தெரிந்தவருக்கு எங்கும் கிராக்கி. ஆழ இடைவெளிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருப்பது, நடுவில் துண்டு விடுபட்டிருப்பது, கண்டறியும் எல்லைக்குக் கீழுள்ளதைச் சுழியம் என்றும் மாதிரியே எடுக்காததையும் சுழியம் என்றும் நிரப்புவது ஆகியவை வழக்கமான பிழைகள். கடைசிப் பிழை ஆபத்தானது. முதலாவது அளந்து பார்த்த இல்லாமை, இரண்டாவது பார்க்கவே இல்லை.

உடல் பாதுகாப்பில் மூன்றை மட்டும் சொல்கிறேன். ரிக்கின் அவசர நிறுத்தப் பொத்தான்கள் எங்கே என்று முதல் நாளே தொட்டுப் பாருங்கள். காற்றுக் குழாய் இணைப்புகளில் பாதுகாப்புக் கயிறு இல்லையென்றால் கிட்டே போகாதீர்கள். ஆர்சி தூசியில் சிலிக்கா இருக்கும், காற்றுக்கு மேல்பக்கம் நின்று முகக்கவசம் போடுங்கள். இரும்பும் மக்னீசியமும் மிகுந்த அல்ட்ராமாஃபிக் பாறையில் கல்நார் போன்ற நார்க் கனிமமும் வரலாம், அறுக்கும்போது நனைத்தே அறுக்க வேண்டும்.

வேலை உறுதி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உலோக விலை சரிந்தால் நிறுவனங்கள் முதலில் வெட்டுவது தேடலுக்கான பணத்தை. கோர் பதிவோடு தரவுத்தளம், முப்பரிமாணக் கணினி மாதிரி, சுரங்கத் தரக் கட்டுப்பாடு இவற்றில் ஒன்றைக் கற்றவர் அந்த ஆண்டுகளைத் தாண்டுவது சுலபம். நேர்காணலில் நீங்களும் கேளுங்கள்: கோரைத் திசைப்படுத்துகிறீர்களா (நிலத்துக்குள் அது எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று குறிக்கிறீர்களா), தரமாதிரி முடிவுகளை யார் எப்போது பார்க்கிறார், ஒரு நிலவியலாளர் நாளுக்கு எத்தனை மீட்டர் பதிவு செய்கிறார். சிக்கலான பாறையில் கவனமாகச் செய்தால் 30 முதல் 50 மீட்டர் போகும். 150 என்று பெருமையாகச் சொன்னால், அங்கே கோரை யாரும் பார்ப்பதில்லை, பெட்டியை எண்ணுகிறார்கள்.